சிபாப், பிடிகம்பி, ஆக்ஸிஜன்: ஒரு வீட்டின் எச்.எஸ்.ஏ. கணக்கு

2025 மார்ச் முதல் வாரம். டாலஸுக்கு வடக்கே, நம்மவர்கள் நிறைய இருக்கும் புறநகர் ஒன்றில் ஒரு நண்பர் வீடு. சாப்பாட்டு மேசையில் காபி டம்ளர், லேப்டாப், பழைய ஷூ பெட்டி. பெட்டி நிறைய ரசீதுகள்.

"எல்லாம் எச்.எஸ்.ஏ. கார்டுலதான் போட்டேன் அண்ணா. எல்லாமே மெடிக்கல்தான். 8889 ஃபார்ம்ல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

நான் தொழில்முறைக் கணக்காளன் இல்லை. வரி சீசனில் தெரிந்தவர்களுக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுப்பவன். பத்து நிமிஷ வேலை என்று போனவன், இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வீட்டில் ஒரே வருடத்தில் நாலு பேருக்கு நாலு விதமான கருவி வாங்கியிருந்தார்கள். சட்டம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டாமல் அதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: எச்.எஸ்.ஏ. என்பது ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட். வருமான வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து இதில் பணம் போடலாம். உள்ளே வளர்ந்தால் வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுத்தாலும் வரி இல்லை. வருடம் முடிந்தால் காலாவதியும் ஆகாது. போட்டதையும் எடுத்ததையும் வரித்துறைக்குக் காட்டும் படிவம்தான் 8889. ஆனால் டிடக்டிபிள் அதிகமாக உள்ள காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால்தான் பணம் போட முடியும். டிடக்டிபிள் என்றால் காப்பீடு கைகொடுக்கும் முன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. 2024-ல் குடும்பத் திட்டத்துக்கு அது குறைந்தது 3,200 டாலர் இருக்க வேண்டும். குடும்பத்துக்குக் கணக்கில் போடும் உச்சவரம்பு அந்த ஆண்டு 8,300, 2025-ல் 8,550, 2026-ல் 8,750. 2003 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சட்டத்தோடு சேர்ந்து வந்த ஏற்பாடு இது. இதற்கு அண்ணன் மாதிரி 1996-லேயே ஒரு கணக்குக்குச் சட்டம் வந்தது. பின்னாளில் அதற்கு ஹூஸ்டன் காங்கிரஸ் உறுப்பினர் பில் ஆர்ச்சரின் பெயரை வைத்தார்கள். ஆக, டெக்ஸாஸ்காரர்களுக்கு இது உள்ளூர்ச் சரக்குதான்.

நண்பர் 22 சதவீத வரி வரம்பில் இருக்கிறார். சம்பளம் வழியாகப் போடுவதால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சம். நூறு டாலர் போட்டால் கிட்டத்தட்ட முப்பது டாலர் வரி தப்பிக்கிறது. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த இரண்டு மாநிலங்களும் இந்தச் சலுகையைத் தங்கள் வரிக்கு ஏற்றுக்கொள்வதில்லை.

நண்பரின் நம்பிக்கை எளிமையானது. கார்டு வேலை செய்தது, அதனால் செலவு சரியானது. அங்கேதான் பிசகு. கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் எதையும் சரிபார்ப்பதில்லை. பணத்தை மட்டும்தான் கொடுக்கும். செலவு தகுதியானதா என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில். தகுதியில்லாத செலவாக இருந்து, நமக்கு 65 வயதும் ஆகவில்லை என்றால், அந்தத் தொகைக்கு வருமான வரி, அதற்கு மேல் 20 சதவீத அபராதம்.

மூச்சு நின்ற கதை

நண்பர் குறட்டை விடுவார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போன எனக்கும் தெரியும். 2023 டிசம்பர் 12 அன்று வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டார். மணிக்குச் சராசரியாக 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. முப்பதைத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி.

அவருடைய புதுக் காப்பீட்டுத் திட்டம் 2024 ஜனவரி 1-ல் தொடங்கியது. எச்.எஸ்.ஏ. கணக்கில் முதல் பணம் விழுந்தது ஜனவரி 19. பரிசோதனைக்கான பில் 312 டாலர், பிப்ரவரியில் வந்தது, கார்டைத் தேய்த்துவிட்டார்.

இது செல்லாது. செலவு எந்த நாளில் ஏற்பட்டது என்பதற்கு பில் வந்த நாளையோ பணம் கட்டிய நாளையோ பார்ப்பதில்லை. சேவை நடந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். கணக்கு தொடங்குவதற்கு முன் நடந்த எதற்கும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. எச்.எஸ்.ஏ. எந்த நாளில் தொடங்கியதாகக் கொள்வது என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது என்றாலும், எப்படி இழுத்தாலும் டிசம்பர் 12 வரை நீளாது.

"பில்லே பிப்ரவரிலதானே அண்ணா வந்துச்சு?"

"பில் வந்தது பிப்ரவரிதான். நீங்க வயரை ஒட்டிக்கிட்டுப் படுத்தது டிசம்பர்."

அடுத்தது மெஷின். இதில்தான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சிபாப் மெஷினை இங்கே காப்பீடு வழியாக வாங்கினால் பெரும்பாலும் முதலில் வாடகை. குறிப்பிட்ட மாதங்கள் கட்டி முடித்தபின் மெஷின் நமக்குச் சொந்தம். நண்பரின் திட்டத்தில் 13 மாதம், மாதம் 96 டாலர். மொத்தம் 1,248. அதே மாதிரி மெஷின், மருத்துவர் சீட்டு இருந்தால், காப்பீட்டைத் தொடாமல் இணையத்தில் நேரடியாக 780 டாலருக்குக் கிடைத்தது. மாஸ்க்கும் குழாயும் இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே விலை, அதை விட்டுவிடுவோம். இரண்டு வழிக்கும் எச்.எஸ்.ஏ. பணம் செல்லும்.

பார்த்தவுடன் நான் சொன்னேன்: "நேரா வாங்கியிருக்கணும் தம்பி. 468 டாலர் வீண்."

அப்புறம்தான் அவர் மனைவியின் ஆஸ்பத்திரி பில் பெட்டியின் அடியிலிருந்து வந்தது. செப்டம்பர் கடைசியில் பித்தப்பை அறுவை சிகிச்சை. குடும்ப டிடக்டிபிள் 4,000 டாலர் அதோடு நிரம்பிவிட்டது; அதற்கு மேல் இவர்கள் பங்கு 20 சதவீதம் மட்டும். கணக்கை மறுபடி போட்டோம்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு மாத வாடகை 672 டாலர். இது டிடக்டிபிளில் வரவாகியிருக்கிறது. வாடகை கட்டாமல் இருந்திருந்தால் அந்த 672-ஐ அறுவை சிகிச்சை பில்லில் கட்டித்தான் ஆக வேண்டும். வாடகையில் ஏற்கெனவே போய்விட்டதால், பில்லின் அந்தப் பகுதிக்கு 20 சதவீதம், 134.40 மட்டுமே கட்டினார்கள். ஆகவே ஏழு மாத வாடகையால் உண்மையில் கூடுதலாகக் கையைவிட்டுப் போனது 134.40. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 19.20, மொத்தம் 57.60. ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதனால் கடைசி மூன்று மாதம் முழு வாடகை, 288. எல்லாம் சேர்த்து 480 டாலர். நேரடியாக வாங்கினால் 780. அதில் ஒரு சல்லிக்காசு டிடக்டிபிளில் ஏறாது.

என் 468 டாலர் "வீண்" 300 டாலர் லாபமாக மாறிவிட்டது. அறுவை சிகிச்சை நடக்காமல் இருந்திருந்தால் நான் முதலில் சொன்னதுதான் சரி. பித்தப்பையில் கல் இருப்பது பிப்ரவரி ஸ்கேனிலேயே தெரியும் என்று அவர் மனைவி சொன்னார். மார்ச்சில் மெஷின் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த வருடம் டிடக்டிபிள் எப்படியும் நிரம்பிவிடுமா என்பதுதான். இவர்கள் கேட்கவில்லை; வாடகைதான் வழக்கம் என்று கருவி கொடுத்தவர்கள் சொன்னதால் தலையாட்டினார்கள். நல்ல காலம்.

வாடகையில் ஒரு தொல்லை உண்டு. மெஷினுக்குள் இருக்கும் மோடம் தினமும் கணக்கு அனுப்பும். மெடிகேர் வைத்த அளவுகோல், தொடர்ந்த 30 நாளில் 70 சதவீத இரவுகள் குறைந்தது நாலு மணி நேரம் போட்டிருக்க வேண்டும் என்பது. இவருடைய காப்பீட்டிலும் அதே விதிதான். தவறினால் வாடகைக்குக் காப்பீடு கிடையாது. முதல் மாதம் தூக்கம் வராத இரவுகளில், கணக்கு நிரம்பட்டும் என்று மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்திருக்கிறார் மனுஷன். சொந்தமாக வாங்கினால் இந்தக் கண்காணிப்பாளர் இல்லை.

அம்மாவும் மாமனாரும்

நண்பரின் அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணம் பக்கம். கிரீன் கார்டு, மூன்று வருடமாக மகன் வீட்டில்தான். 2024 ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை. வாக்கர், குளிக்க உட்காரும் நாற்காலி, கழிப்பறை இருக்கையை உயர்த்தும் சட்டம், மூன்றும் சேர்த்து 143 டாலர்.

நண்பர் இதில்தான் சந்தேகமாக இருந்தார். அம்மாவுக்கு ஊரிலிருந்து குடும்ப ஓய்வூதியம் வருகிறது, வருடத்துக்கு 5,700 டாலர் அளவுக்கு. 2024-ல் ஒருவரைச் சார்ந்தவர் என்று வரிப் படிவத்தில் காட்ட அவருடைய வருமானம் 5,050-க்குக் கீழே இருக்க வேண்டும். அம்மா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார், படிவத்தில் காட்ட முடியாது. தவிர அவர் இவருடைய காப்பீட்டிலும் இல்லை.

ஆனாலும் எச்.எஸ்.ஏ. செல்லும். வருமான வரம்பு ஒன்றைத் தவிர மற்றபடி சார்ந்தவராகக் காட்டியிருக்க முடியும் என்றால் போதும் என்று எச்.எஸ்.ஏ. விதி சொல்கிறது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் வெளியீடு 969-ல் இது தெளிவாகவே இருக்கிறது. அந்த மற்றபடிதான் முக்கியம்: அம்மாவின் செலவில் பாதிக்கு மேல் மகன் பார்க்க வேண்டும். தங்கும் இடத்தின் வாடகை மதிப்பு, சாப்பாடு, மருந்து, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் மகன் கணக்கு; ஓய்வூதியம் பெரும்பாலும் ஊர் வங்கியிலேயே கிடக்கிறது. தாராளமாகப் பாதியைத் தாண்டியது. அம்மாவுடைய காப்பீடு வேறாக இருப்பதால் ஒன்றும் குறையவில்லை. நம் குடும்பங்களில் பெற்றோரை வைத்திருக்கும் பலர், வரிப் படிவத்தில் காட்ட முடியாததால் இதுவும் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள்.

"பாத்ரூம் சுவர்ல கம்பி வெச்சதுக்கு அப்புறம்தான் தம்பி, நான் கதவைத் தாழ் போட்டுட்டே குளிக்கிறேன்" என்றார் அம்மா, காபி கொண்டுவந்து வைத்தபடி.

கம்பியோடு நின்றிருந்தால் எனக்கு வேலை இல்லை. அக்டோபரில் ஒப்பந்தக்காரரை வைத்துக் குளியலறையையே மாற்றியிருந்தார்கள். தொட்டியை எடுத்துவிட்டு, படி தாண்டாமல் நடந்து போகிற மாதிரி குளிக்குமிடம், சுவரில் நாலு பிடிகம்பி, கராஜ் வாசலில் ஒரு சின்னச் சாய்தளம். அதோடு இத்தாலி டைல்ஸ், புதுக் கண்ணாடி, புது அலமாரி. பில்லில் இருந்தது ஒரே வரி: "பாத்ரூம் வேலை, 6,400." செக்கில் கொடுத்துவிட்டு, முழுத் தொகையையும் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஐ.ஆர்.எஸ். வெளியீடு எண் 502, பிடிகம்பி, சாய்தளம், அகலப்படுத்திய வாசல், குளியலறை மாற்றம் போன்றவற்றைப் பட்டியலிட்டு, இவை பொதுவாக வீட்டின் விலையைக் கூட்டுவதில்லை, அதனால் முழுச் செலவும் மருத்துவச் செலவுதான் என்கிறது. லிஃப்ட் வைத்தால் கதை வேறு. வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதைக் கழித்த மீதிதான் கணக்கு. அழகுக்காகச் செய்தது எதுவும் சேராது. ஒப்பந்தக்காரருக்கு போன் போட்டு பில்லைப் பிரித்துத் தரச் சொன்னோம். அவர் சலித்துக்கொண்டேதான் செய்தார்: தொட்டி அகற்றல், தளம் சமன்செய்தல், கம்பி, சாய்தளம், வழுக்காத சாதாரணத் தரை, 3,100, டைல்ஸ் வகையறா 3,300. இந்த இரண்டாவது எண்ணை எடுக்கக் கூடாது. 3,100-ஐ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ரசீது இருக்கும் வரை காலக்கெடு இல்லை, ஐந்து வருடம் கழித்து எடுத்தாலும் சரி. பிசியோதெரபிஸ்ட் எழுதிய சிபாரிசையும் பில்லோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைக்கச் சொன்னேன்.

இப்போது மாமனார். மதுரையிலிருந்து பி2 விசிட்டர் விசாவில் மே 10 வந்து நவம்பர் 5 திரும்பியவர். பல வருட நுரையீரல் நோய். ஜூலையில் ஒரு இரவு, "மாப்பிள்ளை, மூச்சு இழுக்க முடியலை" என்று எழுப்பியிருக்கிறார். பயணக் காப்பீடு, பழைய நோய் என்று கையை விரித்தது. மருத்துவர் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் எழுதிக் கொடுத்தார். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், 845 டாலர். எச்.எஸ்.ஏ. கார்டு.

ஷூ பெட்டியில் இருந்ததிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத மருத்துவக் கருவி அதுதான். மருத்துவர் சீட்டு, ரசீது, நோய், அவசரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் செல்லாது. மாமனார் அமெரிக்கக் குடிமகன் இல்லை, வரி விதிப்படி இங்கே வசிப்பவரும் இல்லை. விசிட்டர் விசா நாட்களும் வசிக்கும் நாள் கணக்கில் சேரும் என்பது உண்மைதான். 183 நாள் என்பது அந்தக் கணக்கில் ஒரு கோடு. இவர் முதல் தடவை வந்தவர், கோட்டைத் தொடவில்லை. ஒருவேளை தாண்டியிருந்தாலும் அவர் தன் ஓய்வூதியத்தில், தன் வீட்டில் வாழ்பவர். பாதிச் செலவை மாப்பிள்ளை பார்க்கவில்லை.

நண்பருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அம்மாவுக்கு நாற்காலி ஓகே, மாமாவுக்கு ஆக்ஸிஜன் ஓகே இல்லையா? இது என்ன நியாயம்?" என்று எழுந்து நடந்தார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் என்று நானும் சொல்லவில்லை. வரிச் சட்டத்துக்கு நோயாளி தெரியாது, உறவும் இருப்பிடமும்தான் தெரியும்.

மீதி விரைவில் முடிந்தது. நண்பருக்கு ரத்த அழுத்தம் உண்டு; வீட்டில் பார்க்கும் கருவி 62 டாலர், சரி. 2019 ஜூலையில் ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட அறிவிப்பின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கருவியை டிடக்டிபிளுக்கு முன்பே காப்பீடு கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் கேட்டுப் பார்த்திருக்கலாம். மகனுக்கு ஆஸ்துமா, காற்று சுத்திகரிப்பான் 289 டாலர். எல்லோரும் வாங்குகிற பொருள் என்பதால் மருத்துவர் கடிதம் தேவை. வாங்குவதற்கு முந்தின வாரத் தேதியில் குழந்தை மருத்துவரின் கடிதம் இருந்தது. மனைவி தன் அலுவலகத்தில் எடுத்திருந்த எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரிக்கு முன்பே பணம் ஒதுக்கும் இன்னொரு கணக்கு) பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டும் உரியது. அது பொதுவான எஃப்.எஸ்.ஏ.வாக இருந்திருந்தால் கணவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியே போயிருக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், அடுத்த வருடச் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் மாதப் படிவத்தில் ஒரு டிக் தவறினால் நடக்கிற விபத்து இது.

லேப்டாப்பில் இன்னொரு பக்கம் திறந்திருந்தது: மசாஜ் நாற்காலி. மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் மருத்துவக் கடிதம் ஈமெயிலில் வரும், எச்.எஸ்.ஏ.வில் வாங்கலாம் என்று விளம்பரம். இப்படி நாமே சொல்லும் தகவலை வைத்துக் கடிதம் கொடுத்து, சாதாரணச் செலவை மருத்துவச் செலவாக்கிக் காட்டும் நிறுவனங்களைப் பற்றி 2024 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். பொது எச்சரிக்கையே விட்டது. நான் அந்தப் பக்கத்தை மூடினேன். அவர் மறுபடி திறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரிசெய்தது

பரிசோதனை 312, கான்சன்ட்ரேட்டர் 845. மொத்தம் 1,157 டாலர் தவறாக எடுத்தது. அப்படியே விட்டால் 22 சதவீத வரி, 20 சதவீத அபராதம், கிட்டத்தட்ட 486 டாலர். ஆனால் ஒரு வழி இருக்கிறது. செலவு தகுதியானது என்று நியாயமான காரணத்தோடு தவறாக நம்பி எடுத்திருந்தால், தவறு தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய வருடத்துக்கு அடுத்த ஏப்ரல் 15-க்குள் பணத்தைத் திருப்பிப் போடலாம். அது புதுப் பங்களிப்பாகக் கணக்காகாது, வரம்பையும் தொடாது. கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவருடைய நிறுவனம் ஏற்றது. இரண்டு பக்கப் படிவம், ஒரு செக், மூன்று வாரம். கணக்கிலிருந்து எடுத்த தொகையைக் காட்டும் 1099-எஸ்.ஏ. படிவம் திருத்தி வந்தது. 8889-ல் எடுத்த தொகை 1,223.60, தகுதியான செலவும் 1,223.60.

அதில் சிபாப் வாடகை மட்டும் 729.60. ரசீதில் மெஷின் என்று இல்லை, "இதர உபகரணம்" என்று ஒரு வார்த்தை. தெர்மல் தாள், மார்ச் மாதத்தது ஏற்கெனவே பாதி வெளுத்திருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, கருவி கொடுத்தவர்களிடம் மெஷின் பெயரோடு முழு விவரப் பட்டியல் கேட்டு வாங்கினோம்.

845 டாலரைக் கைப்பணத்திலிருந்து திருப்பிக் கட்டியபோது, மெஷினை மாமனாரோடு அனுப்பியிருந்தால் பயன்பட்டிருக்குமே என்று நினைத்துக் கேட்டேன். நவம்பரில் அட்டைப்பெட்டியில் கட்டியே வைத்திருந்தார்களாம். கிளம்பும் முந்தின இரவு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மாமனார்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்கிறார்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மதுரையில் 230, 50. சிபாப் மெஷின் எந்த ஊர் மின்சாரத்துக்கும் ஒத்துப்போகும், இது போகாது. "இங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை, அடுத்த தடவை வரும்போது வேணும்ல" என்றிருக்கிறார். கராஜில், சாய்தளத்துக்குப் பக்கத்தில், இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.